ஸரகெர்த்தில் வெப்பம் நின்ற நாள்

மகள் ஓவியாவைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பிய வசந்தாமணி, வீட்டு டிரைவ்வேயில் நின்ற வெள்ளி நிற லெக்ஸஸைப் பார்த்ததும் காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டாள். அது சிவராமகிருஷ்ணனின் கார். அவள் கணவன் நெடுஞ்செழியன் வேலை பார்க்கும் ஹூஸ்டன் கம்பெனியில் அவர் வைஸ் பிரசிடெண்ட். அங்கிருக்கும் மீனாட்சி கோயிலில் எதிர்ப்பட்டால் நின்று நலம் விசாரிப்பார். ஆனால் ஒரு வேலைநாள் காலையில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டுக்கு வீடு தேடி வந்ததில்லை.

"அவருக்கு என்ன ஆச்சுங்க சார்?" வாசலில் நின்றிருந்தவரிடம், கதவைத் திறப்பதற்கு முன்பே கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலம்மா. செழியன் சேஃப். முதல்ல உள்ள போய் உக்காரலாம்."

செழியன் அப்போது ஆர்மேனியாவில் இருந்தான். மலைகளுக்கு நடுவே, உர ஆலை ஒன்று இருந்த ஸரகெர்த் என்றொரு ஊர். சோவியத் யூனியன் உடைந்த பிறகு அந்த நாட்டில் பெரிய பெரிய ஆலைகள் சும்மா கிடந்தன. அவற்றின் இயந்திரங்களை வாங்கி, பிரித்து, கப்பலேற்றி, வேறு நாட்டில் விற்பதுதான் சிவராமகிருஷ்ணனின் கம்பெனிக்குத் தொழில். தூத்துக்குடி உர ஆலையில் பயின்ற செழியனுக்கு அந்த இயந்திரங்கள் அத்துப்படி. இரண்டு டெக்சாஸ்காரர்களோடு அக்டோபர் கடைசியில் கிளம்பிப் போயிருந்தான். இப்போது நவம்பர் முடியப் போகிறது.

சிவராமகிருஷ்ணன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். "ஒரு லோக்கல் இஷ்யூ. ஃபேக்டரி கேட்டை ஊர்க்காரங்க பிளாக் பண்ணிட்டாங்க. நம்ம ஆளுங்க மூணு பேரும் உள்ள இருக்காங்க. வெளிய விட மாட்டேங்கறாங்க. அவ்ளோதான்."

"எப்ப இருந்துங்க?"

"அங்க மத்தியானத்துல இருந்து. இப்ப அங்க நல்லா இருட்டிடுச்சு."

"எதுக்கு அடைச்சு வெச்சிருக்காங்க?"

"எதுக்குன்னா... அவங்க ஊரு ஃபேக்டரிய வெளிநாட்டுக்காரன் கழட்டிட்டுப் போறான்னு ஒரு கோபம். எமோஷன். வேற ஒண்ணும் இல்ல. நீ போன மட்டும் ஃப்ரீயா வெச்சிரு. யார்கிட்டயும் பேசாத. நான் ஹேண்டில் பண்றேன்."

"லூசினேவக் கூப்பிடலாங்களா சார்? அவிய ஊருதானுங்க அது."

அவர் முகம் சட்டென்று மாறியது. "வேண்டாம். அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

அந்த 'மட்டும்' என்ற சொல் வசந்தாமணிக்குச் சரியாகப் படவில்லை. காபி போடுகிறேன் என்று எழுந்தவள், பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, லூசினேவுக்கு போன் செய்தாள்.

லூசினே பேர்லேண்டிலேயே ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். அதற்கு முன், ஸரகெர்த் ஆலையின் டிஸ்பாட்சர் அறையில் இருந்தவள். எந்தப் பிரிவில் என்ன ஓடுகிறது, எது நின்றது என்று போனில் கேட்டு, ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவள் வேலை. அதனால்தான் கம்பெனி அவளைத் தேடிப் பிடித்து, தான் வாங்கியிருந்த கம்ப்ரஸர்களின், அதாவது வாயுவை அழுத்தும் இயந்திரங்களின், வரைபடங்களை மொழிபெயர்க்க வைத்தது. செழியன் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் விரலால் கோடு இழுத்துத் தன் ஊரைக் காட்டினாள்.

இரண்டு மலை, நடுவில் ஓர் ஆறு. ஆற்றங்கரை முழுவதும் ஆலை. சமதரையில் மனிதர்களுக்கு மிச்சமிருந்த இடம் ரயில் பாதைக்கே சரியாக இருந்தது. அதனால் வீடுகளை மேலே மேட்டில் அடுக்கடுக்காகக் கட்டினார்கள். வேலை முடிந்தால் கம்பியில் தொங்கும் ரோப் காரில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். ஆலையின் பாய்லரிலிருந்து கிளம்பும் சூடு, தடித்த குழாய்களில் மலையேறி, ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்குள்ளும் போகும். எந்த வீட்டிலும் கணப்பு கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. எதற்கு? ஆலை இருந்தது.

பிறகு நாடு உடைந்தது. எரிவாயு நின்றது, ரயில் நின்றது, உரம் வாங்க ஆளில்லை. இரண்டு குளிர்காலங்கள் ஊர் விறைத்துக் கிடந்தது. முதல் வருடம் மலைச்சரிவிலிருந்த மரங்களை வெட்டி எரித்தார்கள். அடுத்த வருடம் பள்ளிக்கூட பெஞ்சுகள், தரைப்பலகை, புத்தகங்கள். அந்த இரண்டாம் குளிரில்தான் லூசினேயின் அப்பா நிமோனியாவில் போனார். பாதி ஊர் கிளம்பி எங்கெங்கோ போனது. அவளும் ஹூஸ்டனிலிருந்த சித்தப்பா மகனைத் தேடி வந்தாள். அதற்குப் பிறகு எரிவாயு கொஞ்சம் வரத் தொடங்கியதும், மிச்சமிருந்த தொழிலாளர்கள் தாங்களாகவே பாய்லர்களைப் பற்றவைத்துவிட்டார்கள்.

"ஆலை செத்துப்போனது. ஆனால் அதன் வயிறு மட்டும் இன்னும் சூடாக இருக்கிறது. என் அம்மா அந்தச் சூட்டில் உயிர் வாழ்கிறாள்," என்றாள் தன் உடைந்த இங்கிலீஷில். "கம்ப்ரஸர்களை எடுத்துப் போங்கள். அதை யாரும் தின்ன முடியாது."

இப்போது போனில் வசந்தாமணி விஷயத்தைச் சொன்னதும் லூசினே ஒரே கேள்விதான் கேட்டாள். "பாய்லரை நிறுத்தினார்களா?"

"எனக்குத் தெரியாது."

"வருகிறேன்."

வசந்தாமணி காபியோடு வெளியே வந்தபோது சிவராமகிருஷ்ணன் ஜன்னலோரம் நின்று செல்போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். நல்லது என்றார். ஒரு மணி நேரத்தில் கேட் கிளியராகிவிட வேண்டும் என்றார். திரும்பியவர் அவளைப் பார்த்ததும் போனை மடக்கினார்.

"யாரு சார் வர்றாங்க?"

"கேபிடல்ல இருந்து ஸ்பெஷல் போலீஸ். கவர்ன்மென்ட் நம்ம பக்கம். அவங்கதான் நமக்கு சேல் பண்ணி சைன் பண்ணிக் குடுத்தாங்க."

"போலீஸ் வந்து அடிச்சா, கூட்டம் எங்கீங்க சார் ஓடும்? உள்ளதான ஓடும்? உள்ள இவருதான இருக்காரு?"

அவர் காபியை வாங்கிக்கொண்டார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, மடக்கிய போனை மறுபடி திறந்து பார்த்தார். அவருக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தப் புரிதல் அவளை இன்னும் கலவரப்படுத்தியது.

கதவைத் தட்டாமலே லூசினே உள்ளே வந்தாள். ஏப்ரனில் மாவு. சிவராமகிருஷ்ணனைப் பார்த்து, "பாய்லர்களையும் விற்றுவிட்டீர்களா?" என்றாள்.

"லூசினே, இது கம்பெனி விஷயம்."

"விற்றீர்களா, இல்லையா?"

"ஆர்டர் மாறிவிட்டது. வாங்குகிறவர்களுக்கு பாய்லரும் தேவை. உங்கள் ஊர் அதிகாரிகளே சம்மதித்தார்கள். மேட்டில் புது பாய்லர் ஹவுஸ் வரப் போகிறது."

"எப்போது?"

அதை உங்கள் ஊர் அதிகாரிகளைத்தான் கேட்க வேண்டும் என்றார் அவர்.

லூசினே சமையலறைச் சுவரிலிருந்த போனை எடுத்தாள். முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் பதிவுக்குரல்தான் வந்தது. மூன்றாம் தடவை, எங்கோ ஆழத்தில் மணி அடிக்கும் சத்தம். அம்மா எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு எண்ணை அழுத்தினாள். ஒரு கிழவர் எடுத்தார். லூசினே கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ரிசீவரை வைத்தாள்.

"காலையில் பாய்லரை நிறுத்தியிருக்கிறார்கள். குழாயை வெட்டுவதற்காக. மேட்டில் எல்லா வீட்டிலும் ரேடியேட்டர் ஜில்லென்று ஆகிவிட்டது. நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்குப் போய்விட்டார்கள். டயர் எரிகிறது. என் அம்மாவும் போயிருக்கிறாள்." பிறகு வசந்தாமணியை நேராகப் பார்த்தாள். "உன் கணவன்தான் நிறுத்தச் சொன்னான் என்று ஊரில் பேசுகிறார்கள்."

வசந்தாமணி இல்லை என்று வேகமாகத் தலையாட்டினாள். "அவரு தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டாரு," என்று தமிழில் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு இங்கிலீஷில், "போலீஸ் வருகிறது, லூசினே. ஒரு மணி நேரத்தில்," என்றாள்.

"வசந்தா!" சிவராமகிருஷ்ணன் எழுந்தார்.

லூசினே அதற்குள் இன்னொரு எண்ணை அழுத்தத் தொடங்கியிருந்தாள். அது ஆலையின் டிஸ்பாட்சர் அறை. வருடக்கணக்கில் அந்த போனை எடுத்தவளே அவள்தான். இன்றைக்கு எடுத்தது அவளுக்குப் பின்னால் வந்த பெண். லூசினேயின் குரலைக் கேட்டதும் மறுமுனையில் ஒரு கூச்சல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிறகு யாரோ ஓடும் சத்தம். லூசினே ரிசீவரை வசந்தாமணியிடம் நீட்டினாள்.

"மணி?" செழியனின் குரல் கரகரத்தது. "நீயா? இங்க எப்படி...?"

"ஏனுங்க, அடிச்சாங்களா உங்கள?"

"இல்ல, இல்ல. கல்லு வந்துச்சு. ஜன்னல் உடைஞ்சுது. கூட வந்த ராண்டிக்கு நெத்தில காயம். நாங்க மேல ரூம்ல இருக்கோம். மணி, லூசினே அன்னிக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆனா ஊருக்கு இப்ப வேற பாய்லர் இருக்குன்னு சொன்னாங்க. சிவா சார்கிட்ட கேட்டேன், இங்க ஃபேக்டரி டைரக்டர்கிட்டயும் கேட்டேன். ரெண்டு பேரும் அதேதான் சொன்னாங்க. மத்தியானம் கேட்டுல ஒரு பொம்பள கைக்குழந்தையத் தூக்கிக் காட்டிக் கத்தறா. அப்பத்தான் புரிஞ்சுது."

"போலீஸ் வருதுங்க. கொஞ்ச நேரத்துல வந்துரும்."

"வந்தா இங்க சாவு விழும் மணி. கூட்டத்துல வேட்டைத் துப்பாக்கி வெச்சிருக்காங்க."

"நீங்க அவிய என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிப்போட்டு வெளிய வந்துருங்க. வந்தப்பறம் பாத்துக்கலாம். பொய்யாச் சொன்னாலும் பரவால்லீங்க. வந்துருங்க."

லூசினேவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலின் கெஞ்சல் புரிந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொய் சொன்னா நம்ப மாட்டாங்க," என்றான் செழியன். "சொல்லவும் முடியல. பாய்லர நானே மறுபடி பத்த வெக்கறேன். குழாய இன்னும் வெட்டல. வெட்டற டார்ச், சிலிண்டர் எல்லாத்தையும் அவங்ககிட்டயே குடுத்தர்றேன். கம்ப்ரஸரோட நிறுத்திக்குவோம். அத அவங்களுக்குப் புரிய வெக்கணும். இங்க யாருக்கும் இங்கிலீஷ் வரல. எங்க இன்டர்பிரெட்டர் மத்தியானமே ஓடிட்டான்."

"போன ஸ்பீக்கர்ல போடு," என்று சிவராமகிருஷ்ணன் பக்கத்தில் வந்தார். வசந்தாமணி பொத்தானை அழுத்தினாள். "செழியன், நான் சிவா பேசறேன். நீ எதுவும் கமிட் பண்ணாத. போலீஸ் ஆன் த வே. அந்த பாய்லர் நம்ம ப்ராப்பர்ட்டி. உனக்கு அதை விட்டுக்குடுக்க அத்தாரிட்டி கிடையாது."

"சார், மைனஸ் எட்டு டிகிரி இங்க. குழந்தைங்க இருக்கு."

"உன் கிரீன் கார்டு எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு ஞாபகம் இருக்கா? நான் விட்டுட்டா நாளைக்கு உன் ஸ்டேட்டஸ் என்ன? ஃபேமிலியோட கிளம்பணும். யோசிச்சுப் பேசு."

வசந்தாமணிக்கு ஓவியாவின் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. இந்த வீடு, தவணையில் வாங்கிய கார், ஐந்து வருடக் காத்திருப்பு, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின. அவனைத் தடுக்க வேண்டும் போலவும் இருந்தது, தடுத்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் இருந்தது. போனில் தூரத்துக் கூட்டத்தின் இரைச்சல் அலையலையாக வந்தது.

"ஏனுங்க," என்றாள் கடைசியில். "நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. லூசினே இங்கதான் இருக்காங்க. அவிய பாஷைல சொல்லுவாங்க."

சிவராமகிருஷ்ணன் போனை நோக்கிக் கை நீட்டினார். வசந்தாமணி குறுக்கே நின்றாள். அவள் அவரைத் தொடவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. மரியாதை தப்பாத மனிதர் என்பதால் ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டுக் கையை நீட்ட அவரால் முடியவில்லை.

மறுமுனையில் டிஸ்பாட்சர் பெண், ரிசீவரை ஒலிபெருக்கி மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஆலை முழுவதும், கேட்டிலும், ஆற்றங்கரையிலும் பொருத்தியிருந்த பழைய சோவியத் குழாய் ஒலிபெருக்கிகள் அவை. லூசினே தொண்டையைச் செருமினாள். ஒரு காலத்தில் ஷிஃப்ட் மாற்றத்தை அறிவித்த அதே குரலில் தன் பெயரைச் சொன்னாள். கூட்டத்தின் இரைச்சல் திடுக்கென்று அடங்கியது பேர்லேண்டில் கேட்டது.

செழியன் இங்கிலீஷில் சொன்னான். "நான் இந்த வேலையின் எஞ்சினியர். ஊருக்கு இப்போது வேறு பாய்லர் இருக்கிறது என்று சொன்னார்கள், நான் நம்பிவிட்டேன். இந்த பாய்லர்களை நான் எடுக்க மாட்டேன். இப்போதே உங்கள் ஆட்களோடு போய்ப் பற்றவைக்கிறேன். வெட்டும் கருவிகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன்."

ஐந்து வாக்கியம்தான். லூசினே பேசத் தொடங்கினாள். பேசிக்கொண்டே போனாள். அவன் சொன்னதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. நடுவில் அவள் குரல் உடைந்தது, பிறகு உயர்ந்தது, கோபமாகக்கூட ஒலித்தது. வசந்தாமணிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இவள் என்ன சொல்கிறாள்? அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறாளா? அப்பாவைக் குளிருக்குக் கொடுத்தவள். அவளை நான்தானே கூப்பிட்டேன்? வசந்தாமணி மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள்.

லூசினே நிறுத்தினாள். பிறகு கூட்டத்திலிருந்து ஒரு ஆண் குரல் ஏதோ கத்தியது. இன்னொன்று பதில் கத்தியது. ஒரு பெண் குரல், மிகக் கூர்மையாக. லூசினே வாயைப் பொத்திக்கொண்டாள். "என் அம்மா," என்றாள்.

"என்ன சொல்கிறார்கள்?"

"அவனை பாய்லருக்குப் போக விடுங்கள் என்கிறாள். அவன் பற்றவைத்த பிறகு அடிக்க வேண்டுமானால் அடித்துக்கொள்ளலாம் என்கிறாள்."

டிஸ்பாட்சர் பெண் ஜன்னலருகே நின்று பார்த்ததைச் சொல்லச் சொல்ல, லூசினே மொழிபெயர்த்தாள். செழியன் படி இறங்கிவிட்டான். கூட்டம் வழிவிடுகிறது. ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் தள்ளுகிறான், இன்னொருவன் தள்ளியவனை இழுக்கிறான். ராண்டியும் மற்ற டெக்சாஸ்காரரும் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு கேட்டுக்குப் போகிறார்கள். செழியன் பாய்லர் ஹவுஸுக்குள் நுழைந்துவிட்டான். இனி ஜன்னலிலிருந்து எதுவும் தெரியவில்லை.

அந்தக் காத்திருப்பில் சிவராமகிருஷ்ணனின் செல்போன் அடித்தது. அவர் அதைப் பார்த்தார், வசந்தாமணியைப் பார்த்தார்.

"சார்," என்றாள் அவள். "போலீஸ திரும்பிப் போகச் சொல்லுங்க. உங்க ஆளுங்கதான சார் மூணு பேரும். அவிய மேல குண்டு பட்டா நாளைக்கு நீங்க கோயிலுக்கு எப்படிங்க வருவீங்க?"

அவர் முகம் கறுத்தது. போனை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், வெயிலில், முதுகைக் காட்டியபடி அவர் பேசுவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்து, "ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கமே வெயிட் பண்ணச் சொல்லியிருக்கேன். அரை மணி நேரம். அதுக்கு மேல என் கையில இல்ல," என்றார்.

அரை மணி நேரம் ஆகவில்லை. டிஸ்பாட்சர் பெண் திடீரென்று கத்தினாள். ஸ்பீக்கர் வழியாக, மறுமுனையில் கூட்டம் முழுவதும் கத்துவது கேட்டது. புகைபோக்கியிலிருந்து புகை வந்துவிட்டது. கேட்டிலிருந்த டயர்களைக் கம்பியால் தள்ளுகிறார்கள்.

லூசினே சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வசந்தாமணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவராமகிருஷ்ணன் போய்விட்ட பிறகுதான் கேட்டாள். "அவர் கொஞ்சம்தானே சொன்னார்? நீ என்ன அவ்வளவு நேரம் சொன்னாய்?"

"நான் அவன் வீட்டுச் சமையலறையில் நிற்கிறேன், அவன் மனைவி என் பக்கத்தில் நிற்கிறாள், அவளுக்கு ஒரு சின்னப் பெண் இருக்கிறாள் என்றேன். இவனுக்கு ஏதாவது ஆனால் இந்த நாட்டில் நான் யார் முகத்தில் விழிப்பது என்றேன். போலீஸ் வருவதையும் சொன்னேன்." கொஞ்சம் தயங்கினாள். "பொய் சொன்னால் நானே வந்து அவனைக் கொல்வேன் என்றும் சொன்னேன்."

வசந்தாமணி சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் செழியன் ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் வந்து இறங்கினான். தோளில் கைப்பிடி அளவு கன்றிய தடம் இருந்தது. ஃப்ரீவேயில் வரும்போது அவனே சொன்னான், பற்றவைத்ததும் ஒரு கிழவி வந்து அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாளாம், பிறகு அதே கையால் ரொட்டி கொடுத்தாளாம். பின்சீட்டிலிருந்த ஓவியா, "டிட் இட் ஹர்ட்?" என்றாள். "கொஞ்சம்," என்றான்.

திங்கட்கிழமை அவனுக்கு வேலை போயிற்று. சிவராமகிருஷ்ணன் நேரில் கூப்பிட்டுச் சொன்னார், கை கொடுத்தார், கண்ணைப் பார்க்கவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் அதோடு செத்தது. அடுத்த வாரங்கள் அந்த வீட்டில் நல்ல வாரங்கள் இல்லை. "நாந்தான சொல்லச் சொன்னேன்" என்பாள் வசந்தாமணி ஒரு நாள். மறுநாளே, "ஊரு உலகத்துக்கெல்லாம் பாத்தீங்க, எங்களப் பாத்தீங்களா?" என்று பாத்திரத்தை வீசுவாள். நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய கடைசி நேரத்தில் மில்பிடாஸில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலை, வாக்குவம் பம்ப்புகளைப் பராமரிக்க அவனை எடுத்துக்கொண்டது. விசா மாறியது. வீட்டை விற்றுவிட்டு கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். கிரீன் கார்டு வரிசையில் மறுபடி கடைசியில் போய் நின்றார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் லூசினே போன் செய்தாள். வசந்த காலம் வந்ததும் கம்பெனி வேறு ஆட்களை அனுப்பி கம்ப்ரஸர்களை எடுத்துப்போகப் போகிறதாம். பாய்லரைத் தொடப் போவதில்லையாம். ஊர்க்காரர்கள் அதற்குக் காவல் போட்டிருக்கிறார்களாம். அடுத்த குளிருக்கு எரிவாயு வருமா என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லையாம்.

"உன் அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"வீட்டுக்குள் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்கிறாள்," என்றாள் லூசினே. "ரொம்பச் சூடு என்று குறை சொல்கிறாள்."

வசந்தாமணி போனை வைத்துவிட்டு, பம்ப் கிரீஸ் படிந்த கையோடு அப்போதுதான் உள்ளே வந்த செழியனிடம் அதைச் சொன்னாள். அவன் கை கழுவாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டான்.